ரைல்ஸ் டியூப்ல மாத்திரை குடுக்கறது பத்தி உதவி வேணும் (கோத்தகிரி)

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இங்க கோத்தகிரில ஒரு ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம், முழுங்க முடியாததால மூக்கு வழியா டியூப் போட்டு கஞ்சி, பால் எல்லாம் அதுலதான் போகுது. மாத்திரை எல்லாத்தையும் மொத்தமா இடிச்சு ஒண்ணா கரைச்சு சிரிஞ்ச்ல ஏத்திடறாங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு.

ஒவ்வொரு மருந்தும் தனித்தனியா குடுக்கணும், முன்னாடியும் பின்னாடியும் 15லருந்து 30 மில்லி தண்ணி விடணும், தலைமாட்டை உயர்த்தி வைக்கணும், இதெல்லாம் தெரியும். அட்டைல எஸ்ஆர், இஆர்னு போட்டிருக்கற மாத்திரைய இடிக்கவே கூடாது, மெதுவா இறங்க வேண்டியது மொத்தமா ஒரே நேரத்துல இறங்கிடும். அப்பாவோட பிரஷர் மாத்திரை அந்த வகைதான்!! ஆசிட்டை குறைக்க குடுக்கற பான்டோபிரசோல் மாத்திரையையும் இடிச்சா மேல இருக்கற கோட்டிங் போயி வயித்து ஆசிட்லயே வீணாயிடும்.

பெரிய கவலை வலிப்புக்கு குடுக்கற ஃபெனிட்டாயின். டியூப் ஃபீடோட சேர்ந்தா உடம்புல சரியா ஏறாது, அதனால முன்னாடி பின்னாடி ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஃபீட் நிறுத்தணும்ங்கறாங்க, ஆனா அப்பாவுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஃபீட் போகுது, இடைவெளி எங்க விடறது?

ஐசியூ, நியூரோ வார்டுல வேலை பாக்கற நர்ஸ், பார்மசிஸ்ட் யாராவது இருந்தா உங்க வார்டுல இந்த டைமிங் எப்படி வைப்பீங்கன்னு சொல்லுங்க, அதை வச்சு நாளைக்கு ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட கேக்கறேன், நானா எதையும் மாத்த மாட்டேன். ஃபெனிட்டாயின் சிரப் குன்னூர், ஊட்டி பக்கம் எந்த மெடிக்கல்ல கிடைக்கும்னும் சொல்லுங்க, டாக்டர் எழுதிக்குடுத்தா உடனே பஸ் ஏறி வாங்கிட்டு வந்துருவேன்.