காரைக்குடியிலிருந்து தொண்டி வரை மூன்று நாள் சைக்கிள் பயணம்: எந்த வழி, எந்தத் திசை?

உறையூர் மிதிவண்டி:

வணக்கம். பொங்கல் லீவில் நானும் தம்பியும் காரைக்குடிக்கு ரயிலில் வந்து இறங்கி, மூன்று நாள் சைக்கிளில் சுற்றலாம் என்று இருக்கிறோம். முதல் நாள் செட்டிநாட்டு ஊர்கள், மீதி இரண்டு நாள் கடற்கரைப் பக்கம். என்னுடையது ஹைப்ரிட், 700க்கு 35 டயர், மெல்லிய பிரெஸ்டா வால்வு. தம்பியுடையது 26 அங்குல கியர் சைக்கிள், மோட்டார் பைக்கில் இருக்கும் அதே வால்வு. ஆளுக்கு 8 கிலோ சாமான். ஒரு நாளைக்கு 90, 95 கிலோமீட்டர் வரை மிதிப்போம்.

தேவகோட்டை வழியாகத் தொண்டிக்கு நேராகப் போவதா, அறந்தாங்கி சுற்றிப் போவதா? ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) கடலைப் பார்த்துக்கொண்டே போக முடியுமா? பஞ்சர் தொல்லை எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொண்டல்:

தம்பி, வழியை முடிவு பண்ணுவதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள். தை, மாசியில் இந்தப் பக்கம் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும். மீமிசலிலிருந்து தொண்டிக்குப் போகும் கடற்கரைச் சாலை தென்மேற்காக இறங்குகிறது. அதனால் வடக்கிலிருந்து தெற்கே போனால் காற்று முதுகில், திருப்பிப் போட்டால் முகத்தில். சாமான் கட்டிய சைக்கிளுக்கு இந்த வித்தியாசம் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் வரை வரும். ஆனி, ஆடியில் வருவதாக இருந்தால் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று, அப்போது இதே வழியைத் தலைகீழாகப் போக வேண்டும்.

முதல் நாள் காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திரும்பக் காரைக்குடி. சுமார் 55 கிலோமீட்டர். செம்மண் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும், ஆனால் மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் இல்லை. கியரில் முன்னால் 40 பல், பின்னால் 11 முதல் 34 பல் வரை இருந்தால் தாராளம். கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடிக்கு உள்சாலையில் போங்கள், லாரி குறைவு, கண்மாய்க்கரை ஒட்டிய நிழல் கிடைக்கும். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிற பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் தூவி அமுக்கிவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. பொங்கல் நாட்களில் பட்டறையில் ஆள் இருப்பது சந்தேகம், முன்பின் பார்த்து வாருங்கள்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். காரைக்குடி, புதுவயல், அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மீமிசல், தொண்டி. மொத்தம் 95 கிலோமீட்டரை ஒட்டி வரும். அறந்தாங்கி வரை சுமார் 32 கிலோமீட்டர் வடகிழக்கே போகிறீர்கள், எதிர்காற்று. விடியலில் காற்று சோர்ந்திருக்கும், ஆகவே 6 மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 8 மணிக்கு மேல் கிளம்பினால் அந்த 32 கிலோமீட்டரிலேயே கால் தீர்ந்துவிடும். அறந்தாங்கியில் சாப்பிட்டுவிட்டு ஆவுடையார்கோயிலுக்கு 10 மணிக்குள் போய்ச் சேருங்கள், உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள். அங்கே அண்ணாந்து கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பை, பார்க்காமல் வரக்கூடாது. மரச்சட்டம், கம்பி, ஆணித்தலை என்று தோன்றுவதெல்லாம் கருங்கல். அதற்காகவே இந்தச் சுற்றுவழியைச் சொல்வேன்.

ஆவுடையார்கோயிலுக்குத் தெற்கே நிழல் கிடையாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கடைகள் உண்டு, ஆனால் விட்டுவிட்டுத்தான் வரும்.

கடல் விஷயம்: ஈ.சி.ஆர் என்று பெயரே தவிர, இந்தப் பகுதியில் பெரும்பாலும் சாலை கடலைவிட்டு உள்ளே தள்ளியே போகிறது. பனையும் கருவேலமும் உப்பளமும்தான் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமானால் மீனவர் ஊர்களுக்குப் பிரியும் கிளைச்சாலையில் இறங்கித் திரும்ப வேண்டும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், கரையோரம் சேறும் கடற்புல்லும். மெரினா மாதிரி மணலையும் அலையையும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம். விடியலில் வல்லங்கள் கரை திரும்புகிற நேரம் பார்த்தால் அதன் அழகே வேறு.

மூன்றாம் நாள் தொண்டி, திருவாடானை, தேவகோட்டை, காரைக்குடி, சுமார் 55 கிலோமீட்டர். காலையில் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு போய் வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும், அதுவே உங்களை ஊருக்குத் தள்ளிக்கொண்டு போகும். தேவகோட்டை வழி நேர்வழிதான், அதைப் போவதற்கு வைக்காமல் திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப்போடுபவர்:

அண்ணன் சொன்ன வழி சரி. நான் பஞ்சரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் கெடுவதே அதில்தான்.

எதிரி சீமைக் கருவேல முள். விறகும் கரியும் ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து சிம்பு விழுந்து சாலையோரம் கிடக்கும். ஆனால் ஓடும்போது குத்துவதைவிட, நிழலுக்கு ஒதுங்கும்போது குத்துவதுதான் அதிகம். தாரை விட்டு இறங்கினால் சைக்கிளை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் இரண்டு டயரையும் ஒரு சுற்றுச் சுற்றி, துணியால் துடைத்துப் பாருங்கள்.

இந்த முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூபுக்கு ஒட்டுப் போட்டு மாட்டிய பத்தாவது நிமிடம் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். அதனால் டயரைக் கழற்றியதும் உள்பக்கம் பழைய பருத்தித் துணியை வைத்துத் தடவுங்கள், நூல் மாட்டும் இடத்தில் முள். விரலால் தடவினால் விரலில் ஏறும். மூக்குக் குறடால் உள்ளிருந்து பிடித்து இழுக்க வேண்டும், வெளியிலிருந்து நோண்டினால் இன்னும் உள்ளே போகும். டயரின் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிப் பழகுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று அளந்தால் டயரில் முள் எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

எடுத்து வர வேண்டியது: 700 டியூப் இரண்டு, 26 டியூப் ஒன்று, ஒட்டு பத்து, உடைக்காத சொல்யூஷன் (ஒட்டுப் பசை) டியூப் இரண்டு. ஒருமுறை திறந்தது இந்த வெயிலுக்குள் காய்ந்துவிடும். ஊர்க் கடைகளில் 26 அங்குல டியூப் கிடைக்கலாம், 700 டியூபைக் காரைக்குடி தாண்டினால் நம்பாதீர்கள். டயருக்கும் டியூபுக்கும் நடுவே முள் தடுக்கும் பட்டை போட்டால் பாதித் தொல்லை தீரும், எடை கூடினாலும் பரவாயில்லை.

தம்பியின் வால்வுக்கு எந்தப் பைக் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். உங்கள் பிரெஸ்டாவுக்குப் பித்தளை அடாப்டர் வேண்டும், இரண்டாக வாங்குங்கள், ஒன்று நிச்சயம் தொலையும். கடைக் கம்ப்ரஸரில் ஒரே அழுத்தாக அடிக்க விடாதீர்கள். சைக்கிள் டியூபில் கொள்ளும் காற்று கொஞ்சம், கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். விட்டுவிட்டு அடித்து, அளவுமானியில் பாருங்கள். 75 கிலோ ஆளுக்கு இந்தச் சாமானோடு 35 டயரில் பின்னால் 60, முன்னால் 50 பி.எஸ்.ஐ. போதும்.

உறையூர் மிதிவண்டி:

மிக்க நன்றி அண்ணா. பட்டையும் அடாப்டரும் இந்த வாரமே வாங்கிவிடுகிறேன். பொங்கல் நாட்களில் சாலையில் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? தொண்டியில் தங்க இடம் கிடைக்குமா?

வைரவன்பட்டி:

மூன்று விஷயம் இருக்கிறது.

தை 3ஆம் நாள் சிராவயலில் மஞ்சுவிரட்டு. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி பக்கம் அன்றைக்குப் போகவே வேண்டாம். கூட்டம் ஒருபக்கம், அவிழ்த்துவிட்ட மாடு வயல் வழியாக எங்கே வேண்டுமானாலும் சாலையில் ஏறும். உங்கள் முதல் நாள் சுற்றை அந்தத் தேதிக்கு வைக்காதீர்கள்.

இரண்டாவது, தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் பழனிக்கு நடைப்பயணம் போகிறவர்கள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் சாலையில் இருட்டிலேயே நடப்பார்கள். காவடியும் வரும். அந்த வாரம் வந்தால் விடிவதற்கு முன் அந்தச் சாலையில் ஓட்டாதீர்கள், பகலிலும் மணியடித்து ஒதுங்கியே போங்கள்.

மூன்றாவது அறுவடை. சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும், ஓரத்தில் தடுப்புக்குக் கல் அடுக்கியிருப்பார்கள். சில இடங்களில் வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று கொள்ளுப் பயறையும் உளுந்தையும் கொடியோடு பரப்பியிருப்பார்கள். அதன்மேல் கியர் சைக்கிளை ஓட்டினால் கொடி பின்கியரின் சின்னப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, முழு அமைப்பையும் போக்ஸ் கம்பிக்குள் இழுத்து முறித்துவிடும். இறங்கி ஓரமாக உருட்டுங்கள். சிக்கிவிட்டால் முன்னோக்கி மிதிக்கக் கூடாது, பெடலைப் பின்னால் சுற்றிக் கையால் உருவுங்கள்.

தொண்டியில் லாட்ஜ் அதிகம் இல்லை, போனில் பேசி உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். இரவு அங்கே உப்புக்காற்றில் செயின் செம்பழுப்பாகும். படுக்கும் முன் ஈரத்துணியால் செயினைத் துடைத்து, காய்ந்ததும் கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். பைக் இன்ஜின் ஆயில் வேண்டாம், மறுநாள் தேவகோட்டைச் செம்மண் அதில் ஒட்டி அரைக்கும்.

கொண்டல்:

வைரவன்பட்டி சொன்னதோடு ஒன்று. திரும்பும்போது சைக்கிளை ரயிலில் போடுவதாக இருந்தால் காரைக்குடி பார்சல் அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். பை, பம்ப், விளக்கு எல்லாம் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பெயரும் இறங்கும் ஊரும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். சாமான் ஏற்றும் பிரேக் வேனில் இடம் இல்லையென்றால் அந்த வண்டியில் ஏறாது, அதனால் அன்றைக்கே அடுத்து வரும் வண்டி எது என்று பார்த்து வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.