ஹால் படத்தில் ஜன்னல் வெளுக்குது, தூண் சாயுது

கேள்வி: புதுசா முடிஞ்ச வீட்டு ஹாலை எடுக்கணும். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 16-35 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட் இருக்கு. ஜன்னல் வெளுத்துடுது, விளக்குப் பக்கம் சுவர் மஞ்சளாகுது, தூண்கள் உள்பக்கமா சாயுது. என்ன செய்யலாம்?

பதில் 1: கேமராவை அண்ணாந்து பார்க்க வெச்சா தூண் சாயும். சுமார் 120 செ.மீ. உயரத்துல மட்டம் பார்த்து நிறுத்துங்க. சீலிங் அதிகமா விழுந்தா கிராப் பண்ணிக்கலாம். 16 மி.மீ. வேண்டாங்க, ஓரத்து சோஃபா இழுபட்டுத் தெரியும், 24 போதும்.

பதில் 2: ஜன்னலுக்கு: எஃப் 8 (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), ரா ஃபைல் (பிறகு திருத்த வசதியான மூலப் பதிவு). ஷட்டரை மட்டும் மாத்தி, 2 ஸ்டாப் இடைவெளியில (ஒவ்வொண்ணுக்கும் நாலு மடங்கு வெளிச்ச வித்தியாசம்) 5 ஃப்ரேம். அதுல இருட்டான ஃப்ரேமோட ஜன்னலை மட்டும் எடுத்து, வெளிச்சமான ஃப்ரேம்ல கையால மாஸ்க் பண்ணிச் சேருங்க. தானியங்கி எச்டிஆர் (ஃப்ரேம்களைச் சாஃப்ட்வேரே கலக்கறது) சுவரைச் சாம்பலாக்கிடும். மஞ்சளுக்கு எளிய வழி, பகல்ல எல்லா விளக்கையும் அணைச்சிடறது. விளக்கு எரியணும்னா சூரியன் மறைஞ்சு 15-20 நிமிஷத்துல எடுங்க, உள்ளேயும் வெளியேயும் வெளிச்சம் கிட்டத்தட்ட சமமாகும். எல்இடி வெளிச்சத்தால படத்துல கோடு கோடா விழாம இருக்க ஷட்டர் 1/50 நொடி அல்லது அதைவிட மெதுவா இருக்கட்டும்.

பதில் 3: சுவிட்ச் போர்டு பிளாஸ்டிக் உறை, ஜன்னல் கண்ணாடி ஸ்டிக்கர், டைல்ஸ் சிமென்ட் கறை எல்லாத்தையும் முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. தரைப் பளபளப்புக்கு போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கிற லென்ஸ் ஃபில்டர்) உதவும். நிலைக்கண்ணாடியில அது வேலை செய்யாது.