அப்பாக்களின் அசதி: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

இரவு ஷிப்ட்காரன்:
ஒரகடத்தில் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அது உடம்பை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன மாதம் இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவி வேலைக்குக் கிளம்ப வேண்டும். மகளை மாமியார் வீட்டில் விடுவது என் பொறுப்பு. எக்ஸெல் வண்டி, முன்னால் நிற்க வைத்துக்கொள்வேன். இன்னும் இரண்டு வயது ஆகவில்லை.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். சரக்கு ரயில். வண்டியை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றேன். அவளுக்காகப் பெட்டிகளை எண்ணுவது வழக்கம். ஏழோ எட்டோ எண்ணியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கன்னத்தில் விழுந்த அடி. சின்னக் கை. கேட் திறந்து, எதிர்ப்பக்கத்து வண்டிகள் எல்லாம் போயே முடிந்திருந்தன. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. விடுமுறை நாளில் ஒன்பது மணி நேரம் தூங்கினாலும் அசதி போவதில்லை. இப்போதெல்லாம் கேட்டில் நின்றால் மகள் ரயிலைப் பார்ப்பதில்லை, திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள்.

கோவை இரட்டையர் அப்பா:
தூங்கியும் போகவில்லை என்கிறீர்களே, நானும் அங்கேதான் நின்றேன். குறட்டை உண்டா? என் குறட்டை வீட்டில் ஐந்து வருடமாகக் கேலிப் பொருள். இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும், அவர்களால்தான் தூக்கம் கெடுகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒன்றரை வயதில் அவர்கள் விடிய விடியத் தூங்கத் தொடங்கினார்கள். எனக்கு மட்டும் தெளியவில்லை. ஒரு நாள் மனைவி செல்போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினாள். குறட்டை, குறட்டை, பிறகு சத்தமே இல்லை. "எண்ணுங்கள்" என்றாள். இருபத்திரண்டு வரை எண்ணினேன். கிணற்றில் மூழ்கி எழுந்தவன் மாதிரி ஓர் இழுப்பு, மறுபடியும் குறட்டை.

தூக்கப் பரிசோதனை என்று ஓர் இரவு படுக்க வைத்துத் தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டினார்கள். மணிக்கு 38 முறை மூச்சு தடைபட்டிருக்கிறது. 30 என்றாலே கடுமையானதாம். இப்போது, மூச்சு வழி அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சீபேப் கருவியின் முகமூடியோடுதான் தூக்கம். அந்தக் குழாயைப் பார்த்துப் பிள்ளைகள் "யானை அப்பா" என்கிறார்கள். முதல் பத்து நாள் நள்ளிரவில் கழற்றி எறிந்தேன். பதினோராம் நாள் பகல் மூன்று மணிக்கு ஆபீசில் கண் சொக்கவில்லை.

ஓய்வில் இருப்பவன்:
தம்பிகளா, எனக்கும் இருந்தது. 1987-இல் பெரியவன் பிறந்தபோது மில்லில் மூன்றாம் ஷிப்ட். ஒரு நாள் தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டேன், எழுந்தபோது ரசம் சாதம் விரலில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்காக யாரும் மருத்துவமனைக்கு ஓடவில்லை.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல் எடுங்கள், அன்று பகலில் தூங்கக் கூடாது. காலையில் காபியை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கூழ். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள், நெய்யில் வதக்கி. ராத்திரியில் கீரை ஆகாது. பேரீச்சையைத் தேனில் ஊற வைத்து, எண்ணி இரண்டு. வெள்ளைச் சர்க்கரையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், கருப்பட்டி போதும். குழம்பை இரும்புச்சட்டியில் வையுங்கள். வடக்கே தலை வைத்துப் படுக்காதீர்கள். இத்தனையும் என் மருமகனிடம் சொன்னேன், கேட்கவில்லை, இப்போது அவருக்கு முட்டிவலி.

திண்டுக்கல் சைவன்:
ஐயா, பெரியவர் என்பதால் பொறுத்து எழுதுகிறேன். இந்தக் கீரையை நம்பித்தான் நான் எட்டு மாதம் கெட்டேன். முருங்கை, பேரீச்சை, கூடவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இரும்புச்சத்து டானிக். ஹீமோகுளோபின் 11-லிருந்து 13-க்கு ஏறவும் செய்தது. அசதி அப்படியே. ஒரு நாள் காலை யுகேஜி படிக்கும் மகனுக்கு ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். கயிறு விரல்களுக்கு நடுவே இருப்பதே தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது. "நானே கட்டட்டுமா அப்பா?" என்றான்.

வைட்டமின் பி12 குறைவு. சர்க்கரைக்கு ஐந்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நாள்பட்டால் அது பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கீரையிலும் பேரீச்சையிலும் பி12 கிடையாது. பால், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. நான் குடித்ததோ ஒரு வேளை காபிக்கு ஊற்றும் பால். டானிக்கில் இருந்த ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிக்கட்டி, நரம்பு கெடுவதை மறைத்துவிட்டது என்றார் மருத்துவர். ஊசி போட்டு அசதி போய்விட்டது, விரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

ஓய்வில் இருப்பவன்:
கீரை சாப்பிடுங்கள் என்றேன். மருத்துவரிடம் போகாதீர்கள் என்று சொன்னேனா?

திண்டுக்கல் சைவன்:
"யாரும் ஓடவில்லை" என்று எழுதியது யார் ஐயா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
அப்பாக்கள் எழுதும் இடம் என்று தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இரட்டையர் அப்பாவின் குறட்டையை நடு இரவில் விழித்திருந்து பதிவு செய்தவருக்கு அசதி கிடையாதா? என் கணவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, போகிற போக்கில் எனக்கும் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் அவருக்கு 14. எனக்கு 8.

கீழ்த்தளம்:
எனக்கு எல்லாமே சரியாக இருந்தது. சர்க்கரை, தைராய்டு, பி12, எல்லாம். அந்தக் காகிதத்தைப் பார்த்து அழுகை வந்தது, ஏதாவது ஒன்று கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போயிருந்தேன். வேலை முடிந்து வந்து அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்திவிட்டு மேலே போகாமல் உட்கார்ந்திருப்பேன். முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி. ஒரு நாள் காவலாளி கண்ணாடியைத் தட்டி, "சார், உடம்புக்கு ஏதாவதா?" என்றார். போன் பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். போன் பின் இருக்கையில் பைக்குள் கிடந்தது. மறுநாள் முதல் அவர் தட்டவில்லை. நான் இறங்கும் வரை லிஃப்ட் பக்கத்து விளக்கை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தார். அந்த விளக்கைப் பார்க்க வெட்கமாகித்தான் மனநல மருத்துவரிடம் போனேன்.

பிள்ளை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வு தாய்க்கு மட்டும் உரியதல்ல என்று அவர் சொன்னபோது மகனுக்கு ஏழு மாதம். ஆண்களிடம் அது எரிச்சலாகவும் அசதியாகவும் வெளிப்படுமாம். நேரில் போகக் கூச்சமென்றால் 14416, டெலி மானஸ். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இரவு ஷிப்ட்காரன்:
நேற்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதனால்தான் கேட் போட்டால் என் கன்னத்திலும் தட்டுகிறாளா?" என்றாள்.

இரவு ஷிப்ட் வாரங்களில் இனி மாமியாரே வந்து அழைத்துப் போவார். ரத்தம் கொடுத்தாயிற்று, தைராய்டும் பி12-ம் சேர்த்து. மனைவிக்கும் எடுக்கச் சொன்னேன் அக்கா. முடிவு வியாழக்கிழமை வரும். கோவை அண்ணா, குறட்டை உண்டு.