ஒரு மேஜை, ரெண்டு லைன்: ஆபீஸ் போன் வாங்கிய அனுபவங்கள்

தம்பு செட்டித் தெரு, கிளியரிங் ஆபீஸ்:

மாடியில் ஒரே அறை, நாலு மேஜை, ஐந்து பேர். ஹார்பரில் வருகிற சரக்கை கஸ்டம்ஸில் கிளியர் பண்ணிக் கொடுக்கிற வேலை. ரெண்டு லேண்ட்லைன் இருக்கிறது, ரெண்டுமே பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் வருஷக்கணக்காக அச்சாகிப் போன நம்பர், விட மனசில்லை. போன வருஷம் வரை என் மேஜையில் ரெண்டு தனித்தனிப் போன்தான். ஒன்றில் பேசும்போது இன்னொன்று அடித்தால், கையில் இருக்கிற ரிசீவரை ஃபைல் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அதை எடுப்பேன். ஒருநாள் அப்படிக் கவிழ்த்து வைத்த ரிசீவர் வழியாக, அடுத்த பார்ட்டிக்கு நான் சொன்ன ரேட்டை இந்தப் பார்ட்டி முழுசாகக் கேட்டுவிட்டார். அவருக்குச் சொன்னதைவிடக் குறைவு. சரக்கு அளவு வேறு, அதனால் ரேட் வேறு என்று எவ்வளவு விளக்கியும் அவர் மனசு ஆறவில்லை, அப்புறம் அவர் எனக்கு வேலையே கொடுக்கவில்லை. ஹோல்ட் பட்டன் இருக்கிற ஒரே போன் வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு பழைய செட்டை எடுத்து வந்தேன். வரிசையாகப் பன்னிரண்டு பட்டன், ஒவ்வொன்றிலும் குட்டி லைட். இதில் ரெண்டு லைன் என்ன, பத்து லைன் போடலாம் என்று நினைத்தேன். ஒயரைச் செருகினால் டயல் டோனே இல்லை. அது கீ போன். அதே கம்பெனியின் இன்டர்காம் பெட்டியோடு மட்டும்தான் அது பேசும், நேராக வருகிற டெலிபோன் லைன் அதற்குப் புரியாது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் இதை முதலில் கேட்டுவிடுங்கள்.

ரெண்டாவது தடவை சரியான ரெண்டு லைன் போனே வாங்கினேன், அதிலும் லைன் ஒன்று மட்டும்தான் வேலை செய்தது. ஒருநாள் முழுக்க மண்டை காய்ந்தது. கடைசியில் கோளாறு ஒயரில்! பின்னால் ஒரே சாக்கெட்டில் ரெண்டு லைனையும் வாங்குகிற போன் அது, அதற்கு நாலு கம்பி ஒயர் வேண்டும். நான் பழைய போனிலிருந்து கழற்றிப் போட்டது ரெண்டு கம்பி. ஒயர் முனையில் இருக்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், உள்ளே மஞ்சளாக மின்னுகிற தகடு ரெண்டா நாலா என்று கண்ணிலேயே தெரியும். வயர்மேன் வந்து, சுவரில் லைன் வந்து முடிகிற குட்டிப் பெட்டி (ரோசெட்) ரெண்டிலிருந்தும் இழுத்து, நடு ரெண்டில் முதல் லைன், ஓரம் ரெண்டில் அடுத்த லைன் என்று கட்டிக் கொடுத்தார், பத்து நிமிஷ வேலை. இப்போது லைனுக்கு ஒரு மணிச் சத்தம், ஹோல்டில் போட்டால் லைட் விட்டு விட்டு எரிகிறது, கான்ஃபரன்ஸ் அழுத்தினால் டிரான்ஸ்போர்ட்காரரையும் பார்ட்டியையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசவைக்க முடிகிறது.

ஸ்பீடு டயலில் செல் நம்பர் போடும்போது முன்னால் சைபர் சேர்த்துப் போடுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அடிக்க அது கட்டாயம்.

திருவொற்றியூர், லாரி புக்கிங்:

எங்கள் கதை வேறு. மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது நாலு லைன் போன் ஒன்று ஆசையாக வாங்கி வந்தார். அங்கே சின்ன ஆபீசுகளில் இது சகஜமாம். அடாப்டரில் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததை யாரும் பார்க்கவில்லை, நம் 230 வோல்டில் செருகிய உடனே டப் என்று ஒரு சத்தம், அறை முழுக்க தீய்ந்த நாற்றம். வேறு அடாப்டர் போட்டு போனைப் பிழைக்க வைத்தோம். பேச்சு நன்றாகத்தான் கேட்கிறது, ஆனால் யார் கூப்பிடுகிறார்கள் என்ற நம்பர் மட்டும் இன்றுவரை வரவில்லை. எங்களுக்கு ராத்திரியில் டிரைவர் கூப்பிட்டால் நம்பர் தெரிந்தே ஆக வேண்டும். கூப்பிடுகிறவர் நம்பரை லைனில் அனுப்ப டிடிஎம்எஃப், எஃப்எஸ்கே என்று ரெண்டு முறை இருக்கிறதாம்; எங்கள் லைனில் நம்பர் டிடிஎம்எஃப் முறையில் வருகிறது, இந்த அமெரிக்க போன் எஃப்எஸ்கே முறையை மட்டும் படிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ரெண்டையும் படிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, வயர்மேன்:

மேலே ரெண்டு பேர் சொன்னதும் நான் வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறதுதான். எல்லோரும் பட்டனைப் பார்த்துப் போன் வாங்குகிறார்கள். சுவரிலிருந்து என்ன ஒயர் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

ரெண்டு லைன், போனை எடுக்கிற ஆள் ஒருவர் என்றால் ரெண்டு லைன் போன் போதும். மூன்று லைன் இருந்தாலோ நாலு மேஜைக்கும் போன் வேண்டும் என்றாலோ, வெளி லைன் மூன்று, உள்ளே போன் (எக்ஸ்டென்ஷன்) எட்டு என்று இணைக்கிற சின்ன இன்டர்காம் பெட்டி (இபிஏபிஎக்ஸ்) ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு மேஜைக்கு மேஜை சாதாரணப் போன் வையுங்கள் சார். அதில் போனில் இருக்கிற ஃபிளாஷ் பட்டனை அழுத்தித்தான் பேச்சை அடுத்தவருக்கு மாற்ற வேண்டும், அது லைனைக் கண நேரம் துண்டித்துச் சேர்க்கும். சில போனில் ஃபிளாஷ் நேரம் அதிகமாக வைத்திருப்பார்கள், பெட்டி அதை ரிசீவர் வைத்ததாக எடுத்துக்கொண்டு பேச்சையே கட் பண்ணிவிடும். போன் கெட்டுப்போச்சு என்று கூப்பிடுவார்கள், போய் ஃபிளாஷ் நேரத்தை 600 மில்லி செகண்டிலிருந்து 100 ஆக மாற்றிவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

ஃபைபருக்கு மாறியவர்கள் மோடம் பெட்டியின் பின்னால் போன் சாக்கெட் ஒன்றா ரெண்டா என்று பார்த்துவிட்டு ரெண்டாவது நம்பரைப் பற்றிப் பேசுங்கள். இன்னொன்று, பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், அதனால் கரண்ட் போனாலும் சாதாரணப் போனில் பேசலாம். ஃபைபரில் மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் இல்லை. மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டே ஆகணும்.

காசிமேடு, ஐஸ் வியாபாரம்:

யுபிஎஸ் விஷயம் நூறு சதம் உண்மை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அனுபவித்தேன். கரண்ட் இல்லை, செல்லில் டவர் இல்லை, ஃபைபர் போன் சும்மா உட்கார்ந்திருந்தது. மீன்பிடி போட்டுக்காரர்கள் யாரையும் போனில் பிடிக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கரகர என்று இரைச்சல் வந்ததும் புதுப் போன் வாங்கினேன், அதிலும் அதே இரைச்சல். ரோசெட் மூடியைத் திறந்தால் ஸ்குரூ முழுக்கப் பச்சைக் களிம்பு. பழைய கம்பியை அரை இஞ்ச் வெட்டி, புதுசாகச் சீவி முறுக்கிக் கட்டினதும் கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. மறுபடி பிடிக்காமல் இருக்க ஸ்குரூ மேல் கொஞ்சம் வாசலின் தடவி வைத்திருக்கிறேன்.

தம்பு செட்டித் தெரு, கிளியரிங் ஆபீஸ்:

வயர்மேன் அண்ணே, எங்கள் கட்டடத்திலும் ஃபைபர் இழுக்கப் போகிறார்கள். இன்று காலை கீழ்த்தளத்தில் ஏற்கெனவே மாட்டின பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், போன் சாக்கெட் ஒன்றுதான் இருக்கிறது. எங்களுக்கு மாட்டும்போது ரெண்டு சாக்கெட் உள்ள பெட்டி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வருகிற வரைக்கும் செம்பு லைனைச் சரண்டர் பண்ணப் போவதில்லை.