பிள்ளைகளைக் கதிரை தூக்க மட்டும் கூப்பிட்ட கூட்டங்கள்: உங்களுக்கு நடந்தது?

மல்வேர்ன் அம்மா:
செப்டம்பர் 30, செம்மஞ்சள் சட்டை நாள்; கனடாவில் வதிவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைக்கிற நாள். ரொறன்ரோ ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ச் சங்க நிகழ்ச்சி. மகனுக்கு உயர்பள்ளி முடிக்கத் தேவையான 40 மணித்தியாலத் தொண்டுக் கணக்கு முடியவில்லை, கதிரை அடுக்க வந்தான். கூடப் படிக்கிற அனிஷினாபே பூர்வகுடிப் பிள்ளையையும் கூட்டி வந்தான். செயலாளருக்கு ஒரே சந்தோசம். நில ஏற்பு வாசகத்தை, அதுதான் இது பூர்வகுடிகளின் நிலம் என்று கூட்டத் தொடக்கத்தில் சொல்கிறதை, அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் தாளை நாலாய் மடித்து அவரிடமே நீட்டினாள். "இது வந்து குடியேறினவர்கள் சொல்லவேண்டியது. என் நிலத்துக்கு நானே நன்றி சொல்லவா?"

மண்டபம் கப்சிப். கடைசியில் நான்தான் வாசித்தேன். அதில் இருந்த 'ஹோடெனோஷோனி' என்ற பூர்வகுடிப் பெயர் வாயில் வரவே இல்லை. மூன்று தரம் சொல்லித் தந்தாள், சிரிக்காமல். பிறகு, வட ஒன்ராறியோவின் பூர்வகுடி ஊரான நெஸ்கன்டாகாவில் 1995 முதல் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். இரண்டு நிமிடம்கூட விடவில்லை. அடுத்தது பரதநாட்டியமாம்.

கார்டினர்09:
அக்கா, செயலாளரை விடுங்கள். மகன் 40 மணிக்காக வந்தான் என்கிறீர்களே, பிழை அங்கேயே இருக்கு. 2009 மே 10 பின்னேரம், இலங்கைப் போரை நிறுத்தக் கேட்டுத் தமிழர்கள் ரொறன்ரோவின் கார்டினர் பெருந்தெருவை மறித்தபோது நானும் ஏறினேன், எனக்கு 17 வயது. எனக்கு முன்னால் ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையோடு போனார். யாரும் மணிக்கணக்கு எழுதித் தரவில்லை. அடுத்த நாள் "பெடியள் பெயரைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றது எங்கட ஆட்கள்தான். அதுதான் இன்னும் ஆறவில்லை.

கோவைக்காரன்:
தம்பி, மறியலும் இதுவும் ஒன்றா? சரி, விடுங்கள். என் கதை சின்னது. 2023-இல் கனடியக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். பூர்வகுடிகளின் ஒப்பந்த உரிமைகள் என்று வரும் இடத்தில் மகள், "அப்படின்னா என்னப்பா?" என்றாள். முழித்தேன்.

அப்புறம்தான் படித்தேன். வதிவிடப் பள்ளிக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி இரண்டும் நம்மைப் போல் வந்தவர்களைப் பற்றியவை. 94-ஆவது கேட்டபடிதான் 2021-இல் உறுதிமொழி மாறியது. ஆகவே சங்கங்களுக்குச் சொல்கிறேன். தேதி குறிக்கும் முன்பே பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகள் தனியாக வரத் தயங்குவார்கள், இரண்டு மூன்று பேராக அழையுங்கள். பஸ் காசும் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். பட்ஜெட்டில் ஒரு பங்கை அவர்களே செலவழிக்கட்டும், நீங்கள் ரசீது மட்டும் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் என்று சாக்குச் சொல்லாதீர்கள். 2016-இல் ஆட்டம் (Autumn) பெல்டியர் என்ற பூர்வகுடிச் சிறுமி அப்போதைய பிரதமர் ட்ரூடோவின் முகத்துக்கு நேரே குறை சொன்னபோது வயது 12. முக்கியமாக, புகைப்படத்துக்கு

மல்வேர்ன் அம்மா:
பாதியில் நிற்குது ஐயா. பரவாயில்லை, நான் ஆலோசனை கேட்கவும் இல்லை. கார்டினர் தம்பி, 40 மணி விசயம் சுட்டது. மகன் அந்தப் படிவத்தில் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளை வருவாளா என்று கேட்டேன். "வந்து என்ன செய்ய?" என்கிறான்.