ஆரஞ்சு லோடுடன் பறந்த சங்ககிரிப் பையன்

நாக்பூரிலிருந்து தெற்கே வரும் 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிகள் எதிரே வந்துகொண்டேதான் இருக்கும். போகும்போது சேலத்து ஜவ்வரிசி. வரும்போது கோழிப்பண்ணைகளுக்குச் சோயா புண்ணாக்கு, சீசனில் ஆரஞ்சு. டிரைவர் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால் ஓனர் வீட்டுப் பையன்களே இப்போது லைனுக்கு வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் வீட்டுக் கடன் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொண்டு வரும் பையன்களைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. அப்படி ஒருவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தெலங்கானாவில் நிர்மல் மலைப்பாதையில், வளைவு தெரியாத இடத்தில், ஹாரனைக்கூட அடிக்காமல் என் லாரியைத் தாண்டிப் போனது ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி. பின்னால் ‘சங்ககிரி’ என்று எழுதியிருந்தது. நம்ம ஊர் வண்டி இப்படிப் போகிறதே என்று பதறிப்போய்விட்டேன்.

மலை தாண்டியதும் ஒரு டாபாவில் அதே வண்டி நின்றது. பின் சக்கரத்திலிருந்து பிரேக் லைனிங் கருகிய வாடை. இருபத்து மூன்று வயது இருக்கும், ஒரு பையன் குடத்துத் தண்ணீரோடு பிரேக் டிரம்மை நோக்கிப் போனான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கொதிக்கிற டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். அது தெரிவது அடுத்த இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான்.

“நாளான்னைக்கு விடியறதுக்குள்ள மதுரை மாட்டுத்தாவணிக்குப் போயிச் சேரோணுங்கண்ணா. நேரம் தாண்டுனா வாடகையில புடிச்சுக்குவாங்க.” கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கிளீனர்கூட இல்லை, தனியாள்.

உட்கார வைத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். மெதுவாகச் சொன்னான். அப்பாவிடம் நான்கு வண்டி இருந்ததாம், மூன்று போய்விட்டது. அவர் பக்கவாதம் வந்து படுக்கையில். மிச்சமிருக்கும் இந்த வண்டிக்கு மூன்று டியூ, அதாவது மூன்று மாதத் தவணை பாக்கி, ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறார்கள். கிளம்பும்போது மாமா சொன்ன வார்த்தை: “இந்த லோடு லேட்டானா வண்டி நம்மளது இல்ல.” அந்தப் பெரிய மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அங்கிருந்து மதுரை சுமார் 1,200 கிலோமீட்டர். 60-இல் போகிறவனுக்கும் 80-இல் போகிறவனுக்கும் மொத்தமே ஐந்து மணி நேரம்தான் வித்தியாசம். பெங்களூருவில் பகலில் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. தப்பான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஊருக்கு வெளியே நின்றே தீரும். மண்டியில் லோடு இறக்க வரிசை வேறு. பேப்பரில் எழுதிக் காட்டியதும் அவன் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு டிரைவரைப் பொதுவாக நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. பல மாநிலம் ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள். இந்த மாதிரிப் பையன்கள் தனியாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

மதுரை ஏஜென்டுக்கு நானே போன் போட்டேன். கத்தினார். அப்புறம், “சரி, மத்தியானத்துக்குள்ள வந்தாப் போதும், கொஞ்சம் பிடிப்பேன்” என்றார். பையனை அங்கேயே நான்கு மணி நேரம் தூங்க வைத்து, பிறகு என் வண்டிக்குப் பின்னாலேயே வரச் சொன்னேன்.

எனக்குப் பயமெல்லாம் தொப்பூர்தான். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தக் கணவாயில், இரட்டைப் பாலம் பக்கம் எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது! டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள். சிலர் இஞ்சினையே அணைத்துவிடுவார்கள். கியர் இல்லாவிட்டால் இஞ்சின் வண்டியைப் பிடிக்காது, பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். இஞ்சின் அணைந்திருந்தால் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் ஓடாது, மிதிக்க மிதிக்கக் காற்று இறங்கும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிக்கொள்ளும். பையனும் நியூட்ரலில்தான் இறங்குவானாம். இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, புகைக்குழாயை அடைத்து இஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொள் என்றேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். திட்டட்டும் என்று இரண்டு வண்டியும் ஊர்ந்தே இறங்கின.

நாமக்கல்லில் நான் பிரிந்துகொண்டேன். மதுரையில் வாடகையில் பிடித்தம் போக மீதி வந்தது. அதில் ஒரு டியூ கட்டி, அவன் அம்மாவே ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போய்ப் பேசி, மற்ற இரண்டையும் கடைசித் தவணைகளோடு சேர்த்துக் கட்ட ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். மாமா செய்திருக்க வேண்டிய வேலை அது.

போன வாரம் பேசினான். இப்போது வண்டியில் இன்னொரு டிரைவரும் வருகிறாராம். அவருக்குச் சம்பளம், படி எல்லாம் போகக் கட்டுபடியாகிறதா என்று கேட்டேன்.

“மிச்சம் கம்மிதானுங்கண்ணா. ஆனா டயரும் லைனிங்கும் முன்ன மாதிரி தேயறதில்லைங்க” என்றான்.