80 ஆண்டுக் கோடு: இப்போதே நோட்டீஸா, புதுச் சட்டம் வரட்டுமா?

ஈஸ்ட்ஹாம்வாசி (நவம்பர் 2025)
லண்டனில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். லீஸ் 25 மார்ச் 2007 முதல் 99 ஆண்டு. ஃப்ரீஹோல்டருக்கு (கட்டடத்தின் நிரந்தர உரிமையாளர்) கட்டும் கிரவுண்ட் ரென்ட் வருடம் 150 பவுண்டு, ஏறாது. நீண்ட லீஸோடு விற்றால் 3 லட்சம் பவுண்டு பெறும். 2024 லீஸ் சீர்திருத்தச் சட்டம் முழுதாக அமலானால் மேரேஜ் வேல்யூ (லீஸை நீட்டுவதால் மதிப்பில் கூடும் லாபம்; மிச்சம் 80 ஆண்டுக்குக் கீழே போனால் அதில் பாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கட்ட வேண்டும்) ஒழியும், நீட்டும்போது 90க்குப் பதில் 990 ஆண்டு கூடும். பொறுப்பதா, இன்றைய சட்டப்படி லீஸை நீட்டக் கேட்கும் 42ஆம் பிரிவு நோட்டீஸை இப்போதே கொடுப்பதா?

ஆறுதல்
பொறுங்கோ. ரெண்டு வருசம் சொந்தமா வச்சிருந்தாத்தான் நீட்டக் கேக்கலாம் எண்ட விதி ஜனவரி 31ஓட போயிட்டுது. ஃப்ரீஹோல்டர்மார் போட்ட வழக்கையும் போன மாசம் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திட்டுது. மிச்சமும் வரத்தானே போகுது. இப்ப குடுத்தா அவையின்ர சொலிசிட்டர் செலவு, வேல்யுவேஷன் செலவு ரெண்டும் உங்கட தலையில. புதுச் சட்டத்தில பெரும்பாலும் அவரவர் செலவு அவரவருக்கு.

கணக்கன்
74 ஆண்டு மிச்சமிருப்பவருக்கு இந்த யோசனை சரி. அவர் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியவர். இவருக்கு இன்னும் 80 ஆண்டு 4 மாதம் இருக்கிறது. வர்ற மார்ச் 25க்குப் பிறகு 80க்குக் கீழே.

இன்று நோட்டீஸ் போனால்: இனி வரவேண்டிய 150 பவுண்டு வாடகைகளை 6% வீதத்தில் இன்றைய மதிப்பாக்கினால் சுமார் 2,480. லீஸ் முடிந்து ஃபிளாட் ஃப்ரீஹோல்டருக்குத் திரும்புவதன் இன்றைய மதிப்பு, வழக்கமான 5% வீதத்தில், சுமார் 5,880. கூட்டினால் 8,360.

79 ஆண்டில்: இதே இரண்டும் 8,750. அதன் மேல் மேரேஜ் வேல்யூவில் பாதி. இப்போதைய லீஸின் மதிப்பை 92%, நீட்டிய லீஸை 99% என்று வைத்தால் அந்தப் பாதி மட்டும் 6,100க்கு மேல். மொத்தம் 15 ஆயிரத்தை ஒட்டி. சர்வேயர்கள் சண்டை போடுவதே அந்த 92க்காகத்தான்.

ஆறுதல்
மேரேஜ் வேல்யூவே இல்லாமப் போனா அந்த 6,100 எங்க வரும்?

கணக்கன்
எந்தத் தேதியில் இல்லாமல் போகும், சொல்லுங்கள். இன்னொன்று: புதுச் சட்டத்தில் அந்த 5% வீதத்தை அரசு நிர்ணயிக்கும். இன்னும் அறிவிக்கவில்லை. 4% என்று வைத்தால் 5,880 என்ற அதே தொகை 12,800ஐத் தாண்டும். வாடகையை வீட்டு மதிப்பின் 0.1%க்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற உச்சவரம்பைப் பெரிதாகப் பேசுகிறார்கள். இவருக்கு 0.1% என்றால் 300 பவுண்டு, வாடகையோ 150. ஒரு பென்னி லாபமில்லை.

ஆறுதல்
சரி, வீத விசயம் நியாயம். அப்ப நேர ஃப்ரீஹோல்டரோட பேசி முடிக்கலாமே? நோட்டீஸ் செலவும் மிச்சம்.

நாள்காட்டி
அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். மதிப்பீட்டுத் தேதி (எத்தனை ஆண்டு மிச்சம் என்று எண்ணும் நாள்) நிற்பது 42ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்த அன்றுதான். ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்ற மின்னஞ்சலுக்கு அந்தச் சக்தி கிடையாது. டிசம்பரில் பேச ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் விடுமுறை, பதில் ஜனவரியில், சர்வேயர் பிப்ரவரியில் என்று இழுத்தால் மார்ச் 25 வந்துவிடும். தனிப்பேச்சில் 90 ஆண்டுக்கு உத்தரவாதமும் இல்லை. பழைய லீஸ் காலம் முடியும்வரை பழைய வாடகை தொடரவும் இடமுண்டு. நோட்டீஸ் வழியில் புது லீஸ் கிடைத்த அன்றே வாடகை பூஜ்யம். நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள், யாரும் தடுக்கவில்லை.

லீஸ் கையெழுத்தான தேதியைப் பார்த்து எண்ணாதீர்கள். காலம் தொடங்கும் தேதிதான் கணக்கு, டைட்டில் ரிஜிஸ்டரிலேயே (சொத்துப் பதிவேடு) இருக்கும். ஃப்ரீஹோல்டருக்கும் உங்களுக்கும் நடுவில் இன்னொருவரின் லீஸ் (ஹெட் லீஸ்) இருந்தால் நோட்டீஸ் யாருக்குப் போக வேண்டும் என்பதே மாறும். லீஸில் மேனேஜ்மென்ட் கம்பெனியும் ஒரு தரப்பு என்றால் அதற்கும் நகல். பிழையான நோட்டீஸைத் திருத்தி மறுபடி கொடுக்கலாம், ஆனால் பழைய தேதி திரும்பி வராது. மார்ச் 20ஆம் தேதி கொடுப்பவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி
நோட்டீஸில் 4,000 என்று எழுதிப் பார்க்கலாமா? இடையில் புதுச் சட்டம் வந்தால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்தானே?

கணக்கன்
தொகை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். கேலிக்கு எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகும். 7,000 பக்கம் தொடங்குங்கள். அதில் 10% டெபாசிட் கேட்பார்கள், 700. வாபஸ் வாங்கினால் இன்றைய விதிப்படி 12 மாதம் மறுபடி கேட்க முடியாது, அவர்கள் செலவையும் கட்ட வேண்டும். ட்ரிப்யூனலில் (விலைத் தகராறைத் தீர்க்கும் தீர்ப்பாயம்) அவர்கள் வாதாடும் செலவு மட்டும் இதில் சேராது.

நாள்காட்டி
வாபஸ் வாங்காமலே வாபஸ் ஆவதும் உண்டு. கவுண்டர் நோட்டீஸுக்கு (ஃப்ரீஹோல்டரின் பதில் நோட்டீஸ்) அவர்களுக்குக் குறைந்தது 2 மாதம் தர வேண்டும். அது வந்ததிலிருந்து 2 மாதம் கழித்து, 6 மாதத்துக்குள் ட்ரிப்யூனலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நோட்டீஸ் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். இவர் விஷயத்தில் அடுத்த நோட்டீஸ் 80க்குக் கீழேதான். கவுண்டர் நோட்டீஸே வராவிட்டால் கவுன்டி கோர்ட். அதற்கும் 6 மாதம். அங்கே ஜெயித்தால் நீங்கள் எழுதிய தொகையே நிற்கும்.

ஆறுதல்
80க்குக் கிட்ட நிக்கிறவைக்கு நான் சொன்னது பொருந்தாது, ஒத்துக்கொள்ளுறன். 95 ஆண்டு இருக்கிறவை அவசரப்பட வேண்டாம் எண்டதில மாற்றமில்லை. ஈஸ்ட்ஹாம், நோட்டீஸ் போன கையோட லேண்ட் ரெஜிஸ்ட்ரியில ஃப்ரீஹோல்ட் டைட்டிலுக்கு எதிரா அதைப் பதிஞ்சு விடுங்கோ. பதியாட்டி, நடுவில ஃப்ரீஹோல்ட் கைமாறினா வாங்கிறவரை உங்கட நோட்டீஸ் கட்டாது.